நாலு எழுத்துத் தமிழ்

ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்.

டெபியன் லினக்ஸிலோ, அதன் வழியில் வந்த உபுண்டுவிலோ தமிழ் எழுத்துரு நிறுவ வேண்டுமென்றால் நீங்கள் டெர்மினலில் அடிக்க வேண்டிய பெயர்களில் ஒன்று இது. கடைசியில் இருக்கும் அந்த 'டாம்ல்' ஆங்கிலத்தில் டி, ஏ, எம், எல் என்று நாலே எழுத்து. 'தமிழ்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் ஐந்து எழுத்துகளில் நடுவில் இருந்த ஐ காணாமல்போய்விட்டது. உயிர் போன தமிழ் என்று யாராவது கிண்டல் பண்ணலாம். பண்ணியும் இருப்பார்கள்.

இதுல எழுத இலக்கியப் பத்திரிகைக்கு என்ன இருக்கு என்று கேட்பீர்கள். என் பதில் சுருக்கமானது: இந்தப் பெயர்களும் பிரதிகள்தான். பல கைகள் சேர்ந்து எழுதியவை. விவாதித்து, அடித்துத் திருத்தி, மறுபதிப்பு கண்டவை. ஒரு கவிதைத் தொகுப்பைவிடப் பல மடங்கு அதிகமான பேர் இவற்றை வாசிக்கிறார்கள், வாசிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் தள்ளுவது, எதைச் சொல்லாமலே விடுவது என்ற தேர்வுகள் இவற்றில் இருக்கின்றன. தேர்வு இருக்கிற இடத்தில் விமர்சனத்துக்கும் இடம் இருக்கிறது. ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ தன் எழுத்துருப் பேக்கேஜ்களுக்கு எல்லாம் ஒரே விதியில் பெயர் வைக்க முயலும்போது என்ன கிடைக்கிறது, யார் தலையில் அதன் செலவு விழுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

அட்டையின் பெயரால் புத்தகம்

ஒரு நூலகத்தைக் கற்பனை செய்யுங்கள். அங்கே நூல்கள் ஆசிரியர் பெயரிலோ தலைப்பிலோ அடுக்கப்படவில்லை. கெட்டி அட்டை ஒரு பக்கம், மெல்லிய அட்டை ஒரு பக்கம். ஒரு நாவலைத் தேடிப் போனால் முதலில் அது எந்த அட்டையில் வந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லினக்ஸ் உலகில் எழுத்துருக்களுக்கு ரொம்ப காலம் இப்படித்தான் பெயர் இருந்தது. டிடிஎஃப்-தேஜாவு, டிடிஎஃப்-லிபரேஷன், டிடிஎஃப்-தமிழ்-ஃபாண்ட்ஸ் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் கோப்பு வடிவத்தின் பெயர். ட்ரூடைப் என்றால் டிடிஎஃப், ஓபன்டைப் என்றால் ஓடிஎஃப். ட்ரூடைப் ஆப்பிளில் பிறந்தது. 1991இல் மேக் கணினிகளோடு வெளியே வந்தது. மைக்ரோசாஃப்டும் அடோபியும் சேர்ந்து 90களின் பிற்பாதியில் ஓபன்டைப்பை அறிவித்தார்கள். அது ட்ரூடைப்பின் மேல் கட்டப்பட்டது. ஆகவே டிடிஎஃப் என்ற வால் உள்ள கோப்புக்குள்ளும் ஓபன்டைப்பின் அட்டவணைகள் முழுசாக இருக்கலாம். 'கொ' என்று அடித்தால் கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் சரியான இடத்தில் சேர்ப்பதற்கு அந்த எந்திரம்தான் வேண்டும். வால் என்னவாக இருக்கிறது என்பது வாசகருக்கு எதையும் சொல்வதில்லை.

ஆர்ச் லினக்ஸில் ஒரு பேக்கேஜ் உண்டு. இந்திய மொழிகளுக்கான எழுத்துருத் தொகுப்பு. அதன் பெயர் டிடிஎஃப்-இண்டிக்-ஓடிஎஃப். முன்னால் ஒரு வடிவம், பின்னால் இன்னொரு வடிவம், நடுவில் ஒரு துணைக்கண்டம். இதைவிடச் சுருக்கமாக அந்த முறையின் தோல்வியை யாராலும் பகடி செய்ய முடியாது. அதே ஆர்ச்சில் நோட்டோ-ஃபாண்ட்ஸ் பன்மை, டெர்மினஸ்-ஃபாண்ட் ஒருமை. டிடிஎஃப்-தேஜாவுக்கு வடிவம் முன்னால், கேண்டரெல்-ஃபாண்ட்ஸுக்கு வடிவமே இல்லை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயம் இருக்கும். வரிசையாகப் பார்த்தால், பத்துப் பேர் பத்து நாளில் எழுதிய கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

ஆனால் வடிவத்தை முன்னால் வைத்தவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. தமிழ் வாசகருக்கு அது நன்றாகவே புரிய வேண்டும். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய காலத்தில் எழுத்துருவின் பெயர்தான் எழுத்தின் சாவி. பாமினியில் அடித்த கடிதத்தைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். டிஸ்கி என்று ஒன்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று இன்னும் இரண்டு. எழுத்துருக்களின் பெயர்களிலேயே இந்த முன்னொட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன, ஏனென்றால் அது தெரியாமல் வாசிக்கவே முடியாது. அந்தக் காலத்தின் எச்சம் இன்றும் டெபியனில் இருக்கிறது: ஃபாண்ட்ஸ்-டாம்ல்-டிஎஸ்சியு. டிஎஸ்சி என்பது டிஸ்கியின் நினைவு. கடைசி யு யூனிகோடுக்காக. உள்ளே இருக்கும் எழுத்துருக்களில் ஒன்றின் பெயர் பரணர். சங்கப் புலவர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டுக் குறியேற்றம் ஒன்றின் இனிஷியலோடு நிற்கிறார்.

பெயரில் தொழில்நுட்பம் முன்னால் வருவது, அந்தத் தொழில்நுட்பம் வாசகரைத் தடுக்கிற காலத்தில் நியாயம்தான். தடை போன பிறகும் அது முன்னாலேயே நின்றால் அது வெறும் பழக்கம்.

இடம் மாறிய பெயர்கள்

டெபியன் அந்தப் பழக்கத்தை உடைத்தது. 2011இல் வந்த ஸ்க்வீஸ் வெளியீட்டில் டிடிஎஃப் என்று தொடங்கிய பெயர்கள், 2013இல் வந்த வீஸி வெளியீட்டில் பெரும்பாலும் 'ஃபாண்ட்ஸ்' என்று தொடங்கின. முதலில் இனம், பிறகு உருவாக்கியவர் அல்லது தொகுப்பின் பெயர், பிறகு எழுத்து. வடிவம் பெயரைவிட்டே போய்விட்டது. ஃபாண்ட்ஸ் என்று அடித்து டேப் விசையைத் தட்டினால் எழுத்துருக்கள் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்தது விதியைவிட அவர்கள் பெயரை மாற்றிய விதம். பழைய பெயரை ஒரே இரவில் கொன்றுவிடவில்லை. பழைய பெயரில் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பேக்கேஜை விட்டுவைத்தார்கள். அதன் ஒரே வேலை, புதுப் பெயரைக் கை காட்டுவது. 'அவர் இப்ப இங்க இல்லைங்க, அடுத்த தெருவுல இருக்கார்' என்று சொல்லும் பழைய வீட்டுக்காரர் மாதிரி. ஒரு வெளியீடு வரைக்கும் அவர் இருப்பார், பிறகு போய்விடுவார். மாற்றம் தேவை என்று நம்புகிறவர்கள், பழைய முகவரியோடு வருகிறவரை வாசலில் நிறுத்தக் கூடாது என்பதையும் நம்பியிருக்கிறார்கள்.

எல்லாம் மாறிவிடவில்லை. டிடிஎஃப்-எம்எஸ்கோர்ஃபாண்ட்ஸ்-இன்ஸ்டாலர் பழைய பெயரோடே நிற்கிறது. ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் போன்ற மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களை இறக்கிக் கொடுப்பது அது. கறாராகச் சொன்னால் எழுத்துருவே இல்லை, எழுத்துருவைக் கூட்டிவரும் ஆள். எக்ஸ்ஃபாண்ட்ஸ் என்ற முன்னொட்டும் இருக்கிறது. பழைய எக்ஸ் திரை முறைக்கான புள்ளி எழுத்துருக்களுக்கு அது. அங்கே வகை என்பது இன்னும் பயனருக்கு உண்மையான வித்தியாசம். நல்ல விதிக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த விதிக்குத் தெரிந்திருக்கிறது.

டி, ஏ, டாம், டாம்ல்

சரி, 'டாம்ல்'லுக்கு வருவோம்.

டெபியனுக்குள்ளேயே தமிழ் நாலு பெயரில் இருக்கிறது. முழுத் தமிழ்ச் சூழலையும் நிறுவும் பேக்கேஜ் டாஸ்க்-தமிழ். லிப்ரே ஆஃபீஸின் தமிழ் இடைமுகத்துக்குப் பெயர் டி-ஏ என்ற இரண்டெழுத்தில் முடிகிறது. படத்தில் இருக்கும் தமிழை வாசிக்கும் டெஸ்ஸரேக்ட் மென்பொருளின் தமிழ்த் தரவு டாம் என்ற மூன்றெழுத்தில். எழுத்துரு நாலெழுத்தில். ஒரே மொழிக்கு ஒரே வீட்டில் நாலு பெயரா, சீர்மை எங்கே என்று கோபம் வரலாம்.

ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது மெத்தனத்தால் வந்தது இல்லை என்று தெரியும். இரண்டு உலகத் தரங்கள் இங்கே வரிசையில் நிற்கின்றன. இரண்டெழுத்தும் மூன்றெழுத்தும் ஐஎஸ்ஓ 639 தரத்தின் மொழிக் குறியீடுகள். நாலெழுத்து ஐஎஸ்ஓ 15924 என்ற வேறு தரம், அது எழுத்துமுறைக்கு. அதாவது டி-ஏ என்பது நாம் பேசுகிற தமிழ். டாம்ல் என்பது நாம் எழுதுகிற அ, ஆ, இ, ஈ.

டெஸ்ஸரேக்டிலேயே இந்த வித்தியாசம் பச்சையாகத் தெரியும். அங்கே டாம் என்று ஒரு பேக்கேஜும், ஸ்கிரிப்ட்-டாம்ல் என்று இன்னொரு பேக்கேஜும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று மொழிக்கு, ஒன்று எழுத்துக்கு.

நமக்கு இந்த இரண்டும் ஒன்று என்று ஒரு ஆழமான பழக்கம் இருக்கிறது. தமிழ் என்றால் மொழியும் எழுத்தும் சேர்ந்து ஒரே உடம்பு. ஆனால் தமிழ் மொழி வட்டெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் பிராமியில் எழுதப்பட்டிருக்கிறது. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் முஸ்லிம்கள் அரபு எழுத்தைத் தமிழுக்குப் பழக்கி அர்வியில் எழுதினார்கள். அதுவும் தமிழ்தான்; டாம்ல் இல்லை. மறுபக்கம் சௌராஷ்டிரத்தையும் படுகையும் தமிழ் எழுத்தில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது டாம்ல், தமிழ் இல்லை. எழுத்துரு என்பது மொழியைச் சுமப்பதில்லை, எழுத்தைச் சுமக்கிறது. அந்த நாலெழுத்து அதைத்தான் சொல்கிறது.

பஞ்சாபியைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டெபியனில் அதற்கான லோஹித் எழுத்துரு ஃபாண்ட்ஸ்-லோஹித்-குரு. குர்முகியின் குரு. அமிர்தசரஸில் பஞ்சாபி குர்முகியில் எழுதப்படுகிறது. லாகூரில் அரபு வழி வந்த ஷாமுகியில். 'பஞ்சாபி எழுத்துரு' என்று பெயர் வைத்தால் லாகூர்க்காரர் அதை நிறுவிவிட்டு ஒன்றுமே வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்தை மட்டும் முழு மொழி என்று சொல்வது, பெயர் வைக்கிறவர் அறியாமலே செய்கிற அரசியல். குறியீடு அதிலிருந்து தப்பிக்கிறது.

ஆக, உயிரெழுத்து போன அந்தப் பெயர் அசிங்கமாக இருந்தாலும் துல்லியமானது. நாலு எழுத்து படித்த பெயர் என்று சொல்லலாம்.

உறைந்த பெயர்கள்

துல்லியத்துக்கும் விலை உண்டு. அதைத் தமிழர்கள் கட்டவில்லை. வேறு இருவர் கட்டுகிறார்கள்.

முதலில் அசாமியர். டெபியனில் அசாமிய மொழிக்கான லோஹித் எழுத்துருவின் பெயர் ஃபாண்ட்ஸ்-லோஹித்-பெங்-அஸாமீஸ். பெங் என்றால் வங்காளம். எழுத்துக் குறியீட்டில் அசாமியத்துக்குத் தனி இடம் இல்லை, அதனால் வங்காளத்தின் வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். யூனிகோடிலும் அந்தப் பகுதியின் பெயர் வங்காளம்தான். எங்கள் எழுத்தை அடுத்தவர் பெயரில் கூப்பிடுகிறார்கள் என்பது அசாமில் நீண்ட நாள் மனக்குறை. இங்கே விதி தப்பவில்லை, விதி சரியாகவே வேலை செய்திருக்கிறது. அதுதான் பிரச்சினை.

அடுத்தது ஒடியா. 2011இல் ஒரிசா ஒடிசா ஆனது. அரசமைப்புச் சட்டத்திலேயே மொழியின் பெயர் ஒடியா என்று திருத்தப்பட்டது. டெபியனில் எழுத்துருவின் பெயர் இன்னும் ஃபாண்ட்ஸ்-லோஹித்-ஓர்யா. ஏனென்றால் ஐஎஸ்ஓ குறியீடு ஓர்யா. குறியீடு மாறாது, மாறாமல் இருப்பதுதான் அதன் வேலை.

ஃபெடோராவைப் பாருங்கள். அங்கே பெயர்கள் குறியீட்டில் இல்லை, முழுச் சொல்லில். லோஹித்-தமிழ்-ஃபாண்ட்ஸ். அசாமியத்துக்கு லோஹித்-அஸாமீஸ்-ஃபாண்ட்ஸ்; வங்காளத்தின் நிழல் இல்லை. பஞ்சாபி என்று இருந்தது பின்னால் குர்முகி ஆனது. ஒரியா என்று இருந்தது ஒடியா ஆனது. சொல்லில் வைத்த பெயருக்குக் காது இருக்கிறது. வெளியே ஒரு மக்கள் கூட்டம் தன் பெயரைத் திருத்திச் சொன்னால் அதைக் கேட்டு மாற முடிகிறது. குறியீட்டில் வைத்த பெயருக்குக் காது கிடையாது.

காது கேட்காத பெயரின் உச்சம் யூனிகோட். அங்கே ஒரு எழுத்துக்கு வைத்த பெயரை எக்காலத்திலும் மாற்றுவதில்லை என்பது சட்டம். நம் ஆய்த எழுத்தின் அதிகாரப் பெயர் அங்கே 'தமிழ் விசர்க்கம்'. ஆய்தம் என்பது பக்கத்தில் ஒரு குறிப்பாக மட்டும் இருக்கிறது. சிறப்பு ழகரத்துக்கு எல் என்ற எழுத்தை மூன்று தடவை அடுக்கி ஒரு பெயர். இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் வைத்தபோது கிடைத்த சீர்மை அது. அடைப்புக்குறி என்பதற்கான ஆங்கிலச் சொல்லே ஒரு இடத்தில் எழுத்துப் பிழையோடு பதிவாகி, பிழை என்று அறிவித்தும் மூலப் பெயர் அப்படியே நிற்கிறது. அந்த உறுதியின் மேல்தான் எல்லா மென்பொருளும் நிற்கிறது என்பதால் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் பெயருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றும் கலையை நன்றாகவே அறிந்த டெபியன், ஓர்யாவை மட்டும் மாற்ற முடியாத கல்வெட்டு மாதிரி வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

யார் செய்தது?

ஃபெடோராவின் முறைக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. 2009 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த விதிப்படி, முதலில் வார்ப்பகம், அதாவது எழுத்துருவை உருவாக்கியவர்; பிறகு எழுத்துருக் குடும்பம்; கடைசியில் ஃபாண்ட்ஸ். கூகுள்-நோட்டோ-சான்ஸ்-தமிழ்-ஃபாண்ட்ஸ் மாதிரி. ஆசிரியர் பெயர் முதலில். இலக்கியக்காரர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். ஆனால் இங்கே ஆசிரியர் என்பவர் பெரும்பாலும் வரைந்த கை இல்லை, வெளியிட்ட நிறுவனம். தமிழைத் தேடி வருகிறவர் கூகுளைத் தாண்டித்தான் தமிழுக்குப் போக வேண்டியிருக்கிறது.

லோஹித் கொஞ்சம் நாசூக்கு. சமஸ்கிருதத்தில் சிவப்பு என்று பொருள். வெளியிட்டது ரெட் ஹேட். நிறுவனத்தின் பெயர் முன்னால் வராமல் உள்ளே நிறமாக ஒளிந்திருக்கிறது.

பெயர் இங்கே சட்டமும்கூட. தேஜாவு பிறந்தது பிட்ஸ்ட்ரீம் வேராவிலிருந்து. வேராவின் உரிமம் சொன்னது: திருத்தலாம், பகிரலாம், ஆனால் திருத்திய பிறகு பிட்ஸ்ட்ரீம் என்றோ வேரா என்றோ கூப்பிடக் கூடாது. 'ஏற்கெனவே பார்த்தது' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொண்டார்கள். பெயரை விட்டுக்கொடுத்து உருவத்தை வாங்கிக்கொண்ட நல்ல வியாபாரம்.

டெபியனில் நோட்டோவின் கதை தலைகீழ். அங்கே நோட்டோ-தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர் என்ற பெரிய மூட்டைக்குள் தமிழும் இருக்கிறது. டோஃபு, அதாவது எழுத்து வர வேண்டிய இடத்தில் வரும் வெற்றுக் கட்டங்கள், இனி இல்லை என்பதுதான் நோட்டோ என்ற பெயரின் விளக்கம். மூட்டையைப் போட்டால் தமிழ் வரும். ஆனால் பெயரைப் பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. முழுச் சீர்மையான பெயர். நம்மைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பெயர்.

தேடுகிறவர் பக்கம்

இதெல்லாம் யாருக்கு வலிக்கும்? டெஸ்க்டாப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்குப் பெரும்பாலும் வலிக்காது. நிறுவும்போதே தமிழ் வந்துவிடும். வலிப்பது திரை இல்லாத இடத்தில். எங்கோ ஒரு சர்வர் சான்றிதழ்களைப் பிடிஎஃப் ஆக்கித் தள்ளுகிறது. அதில் எழுத்துரு எதுவும் இல்லை, இடம் மிச்சம் என்று குறைந்தபட்சமாகக் கட்டப்பட்டது. மாணவரின் பெயர் தமிழில் வர வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கட்டங்கள். அதைச் சரிசெய்ய உட்காரும் ஆள் தமிழ் தெரியாதவராகவே இருக்கலாம். அவர் முதலில் என்ன அடிப்பார்? ஃபாண்ட்ஸ்-தமிழ். அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை என்று டெபியன் சொல்லிவிடும். ஆல்பைனில் என்றால் ஃபாண்ட்-நோட்டோ-தமிழ், ஒருமையில். ஃபெடோராவில் ஃபாண்ட்ஸ் கடைசியில். விவரக் குறிப்பில் தேடினால் கிடைக்கும்தான். தமிழைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குக் கிடைக்கும்.

சீர்மை என்பது அடுக்கி வைப்பவருக்கு ஒன்று, தேடி வருபவருக்கு வேறொன்று. அடுக்குபவருக்கு வேண்டியது, ஒரு பொருளுக்கு ஒரே இடம். தேடுபவருக்கு வேண்டியது, எந்த வாசலில் தட்டினாலும் திறப்பது. மேலே பார்த்த எல்லா விதிகளும் அடுக்குபவர் எழுதியவை. அதனால்தான் ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒழுங்காகவும் வெளியிலிருந்து பார்த்தால் பூட்டாகவும் இருக்கிறது.

ஃபெடோராவில் இதற்கு ஒரு அழகான விடை ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரியாமல். எழுத்துருப் பேக்கேஜ் கட்டப்படும்போது ஒரு நிரல் உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்து, எந்தெந்த மொழிக்குத் தேவையான எழுத்துகள் இதில் முழுசாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறது. தமிழ் எழுத முடியும் என்றால் 'டி-ஏ மொழிக்கான எழுத்துரு' என்ற பட்டத்தைப் பேக்கேஜின் மேல் தானே ஒட்டிவிடுகிறது. நிறுவும் கட்டளையில் பெயருக்குப் பதில் அந்தப் பட்டத்தையே கேட்கலாம். எனக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஏதாவது ஒன்று கொடு என்று. யார் செய்தது, எந்த வடிவம், எந்தக் குறியீடு எதுவும் வேண்டாம். அசாமியம் எழுதத் தெரிந்த எழுத்துரு அசாமியத்தின் பட்டத்தையே வாங்கிக்கொள்கிறது, வங்காளத்தின் அனுமதி இல்லாமல்.

டெபியனிலும் ஒரு பேக்கேஜ் தன் பெயரோடு வேறு பெயர்களையும் தாங்கிக்கொள்ள வசதி உண்டு. வேறு வேலைகளுக்கு அதை அவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல் தன் நாலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஃபாண்ட்ஸ்-தமிழ் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கலாம். ஓர்யா, ஒடியா என்ற அழைப்புக்கும் வரலாம். விதியை உடைக்க வேண்டியதில்லை. இன்னொரு வாசலைத் திறந்தால் போதும்.

வீட்டில் கூப்பிட ஒன்று, சான்றிதழில் ஒன்று, நண்பர்களுக்கு ஒன்று என்று நம் எல்லோருக்கும் பெயர்கள் இருக்கின்றன. யாரும் அதனால் குழம்பிப்போவதில்லை. ஒரே பெயர் என்ற கறார் பதிவேட்டுக்கு வேண்டும். கூப்பிடுகிறவருக்கு வேண்டியது பதில். ஒரு பெயரிடும் முறையை எடைபோட நான் கேட்கும் கேள்வி இதுதான்: விதி தெரியாத ஒருவர், தனக்குத் தெரிந்த சொல்லில் கூப்பிட்டால், உள்ளேயிருந்து குரல் வருகிறதா?

ஃபெடோராவில் வருகிறது. டெபியனில் இன்னும் இல்லை.